வசதி குறைந்த பல்கலைக்கழகம் தொழில் தொடங்கும் மாணவர்களுக்கு என்ன தர முடியும்?

உங்கள் கேள்வியை முதலில் என் சொற்களில் சொல்லிப் பார்க்கிறேன். தொழில்முனைவோர் மையம் ஒன்றைத் தொடங்கும் பொறுப்பை உங்கள் பல்கலைக்கழகம் உங்களிடம் ஒப்படைத்திருக்கிறது. தனிக் கட்டடம் கிடையாது. நிதி ஒதுக்கீடு பெயரளவில்தான். மின்சாரமும் இணையமும் நம்பும்படியாக இல்லை. மாணவர்களில் பெரும்பாலோர் படித்து முடித்த கையோடு வீட்டுக்குச் சம்பாதித்துக் கொடுக்க வேண்டியவர்கள். இந்த நிலையில் எதிலிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: இவ்வளவு குறைந்த வசதியை வைத்துக்கொண்டு ஒரு பல்கலைக்கழகம் செய்வது மாணவர்களுக்கு உண்மையிலேயே உதவுமா, அல்லது ஆண்டறிக்கையில் ஒரு பக்கத்தை நிரப்புவதோடு முடிந்துவிடுமா என்பது. பல்கலைக்கழகத் தொழில் வளர்ப்பு மையங்களில் பல ஆண்டுகள் மாணவர்களோடு வேலை செய்தவன் என்ற முறையில் இரண்டாவதற்கு முதலில் பதில் சொல்கிறேன்; முதலாவதற்கான விடை அதிலிருந்துதான் கிடைக்கும்.

பாடம் நடத்துவதால் மட்டும் பட்டதாரிகள் தொழிலில் இறங்கி நிலைத்துவிடுவதில்லை என்பதற்கு நல்ல சான்றுகள் இருக்கின்றன. உங்கள் நிலைமைக்கு நெருக்கமானது துனிசியாவில் நடந்த முயற்சி. அங்கே 2009-10 கல்வியாண்டில், இளநிலைப் படிப்பின் இறுதியாண்டு மாணவர்கள் வழக்கமான ஆய்வேட்டுக்குப் பதிலாக ஒரு தொழில் திட்டத்தை எழுதிக் கொடுத்துப் பட்டம் பெறலாம் என்று ஏற்பாடு செய்தார்கள். பேராசிரியர்களும் தொழில்துறையைச் சேர்ந்த பயிற்சியாளர்களும் வழிகாட்டினார்கள். விண்ணப்பித்தவர்களிலிருந்து குலுக்கல் முறையில் ஆள் எடுத்ததால், சேர்ந்தவர்களையும் சேராதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, சொந்தத் தொழிலில் இருந்தவர்களின் விகிதம் 1 முதல் 4 சதவீதப் புள்ளிகள் வரை கூடியிருந்தது. ஆனால் மொத்தத்தில் வேலையில் இருந்தவர்களின் எண்ணிக்கை கூடவில்லை. நான்கு ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது அந்தச் சிறிய வேறுபாடும் நிலைத்திருக்கவில்லை.

வசதி மிகுந்த நாட்டில்கூட நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. நெதர்லாந்தின் ஒரு கல்லூரியில் மாணவர்கள் குழுவாகச் சேர்ந்து சிறு நிறுவனம் நடத்தும் பாடத்தைப் பற்றி 2010-இல் வெளியான ஆய்வு, அந்தப் பாடத்துக்குப் பிறகு தொழில் தொடங்கும் விருப்பம் மாணவர்களிடம் குறைந்திருந்ததைக் காட்டியது. இதைத் தோல்வி என்று நான் எண்ணவில்லை. தொழில் என்றால் என்னவென்று பார்த்துவிட்டு, இது எனக்கு ஒத்துவராது என்று இருபது வயதில் ஒருவர் தெரிந்துகொள்வது, குடும்பத்தின் சேமிப்பைப் போட்டு இழந்த பிறகு தெரிந்துகொள்வதைவிட எவ்வளவோ மேல். ஆகவே உங்கள் மையத்தின் பயனைப் பதிவான நிறுவனங்களின் எண்ணிக்கையால் அளக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். பட்டம் பெற்று மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்த மாணவர் என்ன வருமானத்தில் இருக்கிறார், யாருக்காவது வேலை கொடுத்திருக்கிறாரா, கடனில் இருக்கிறாரா என்பதுதான் அளவுகோல். வேலையில் சேர்ந்து அங்கே நன்றாக இருப்பவரையும் அந்தக் கணக்கில் வெற்றியாகவே சேர்க்க வேண்டும்.

துனிசிய முயற்சியின் பயன் ஏன் நிலைக்கவில்லை என்பதற்கு என் விளக்கம் ஒன்று உண்டு. இது அனுபவத்திலிருந்து வரும் ஊகம்தான், நிறுவப்பட்ட முடிவு அன்று. மாணவர் கையில் கிடைத்தது ஒரு திட்ட அறிக்கை. முதல் வாடிக்கையாளரோ, உற்பத்திக் கருவியோ, சரக்கு கடையில் முடங்கிக் கிடக்கும் மாதங்களைத் தாண்டிச் செல்லக் கைப்பணமோ அதனுடன் சேர்ந்து வரவில்லை. படித்த இளைஞரிடம் குறைவாக இருப்பது யோசனை அன்று. இந்த மூன்றும்தான் குறைவு. அவற்றில் ஒரு பகுதியை எவ்வளவு ஏழ்மையான பல்கலைக்கழகத்தாலும் தர முடியும் என்பதே நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் முதன்மையான செய்தி. வெளியே ஓர் இளைஞனுக்கு எந்த வழியிலும் கிடைக்காத சில பொருள்கள் உங்கள் வளாகத்தில் ஏற்கெனவே இருக்கின்றன. மாலை ஐந்து மணிக்குப் பிறகு அவற்றின் மேல் பூட்டுத் தொங்குகிறது.

ஓர் எடுத்துக்காட்டை அருகிலிருந்து பார்ப்போம். வேதியியல் மாணவர்கள் மூவர் பாத்திரம் துலக்கும் திரவம் தயாரித்து விற்கத் தொடங்கினார்கள். அவர்கள் கலவை கெட்டியாக வருவதற்கு உப்புச் சேர்த்தார்கள். இந்த வகைத் திரவங்களில் அது வழக்கம்தான். ஆனால் ஓர் அளவு வரைதான் உப்பு கெட்டிப்படுத்தும். அந்த எல்லையைத் தாண்டினால் திரவம் மறுபடி நீர்த்துப்போகும். வெப்பம் கூடினாலும் இளகும். வீட்டில் வாளியில் கலக்கும் ஒருவர் இதைக் கண்டுபிடிப்பதற்குள் பல தொகுதிகளைக் கொட்டியிருப்பார். இவர்களிடம் திரவத்தின் கெட்டித்தன்மையை அளக்கும் ஒரு விஸ்கோமீட்டரும் காரஅமில அளவியும் சூடேற்றும் பெட்டியும் இருந்ததால், இரண்டு மாலைகளில் உப்பின் அளவைப் படிப்படியாகக் கூட்டி ஒரு வளைகோடு வரைந்து, தங்கள் கலவைக்கு ஏற்ற இடத்தைக் கண்டுகொண்டார்கள். பிறகுதான் உண்மையான சிக்கல் தெரிந்தது: உள்ளே இருக்கும் திரவத்தைவிடப் புட்டியும் மூடியும் அதிகச் செலவு பிடித்தன, மலிவான மூடி போட்டால் பெட்டிக்குள் கசிந்து விவரத்தாளை நனைத்தது. புட்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிரப்பிக்கொள்ளும் முறைக்கு மாறிய பிறகே அவர்களுக்கு ஏதோ மிஞ்சியது. எந்தத் திட்ட அறிக்கையிலும் மூடியைப் பற்றி ஒரு வரி இருந்திருக்காது.

இந்த இடத்தில் இரண்டு செய்திகளை அழுத்திச் சொல்ல வேண்டும். முதலாவது, கருவியைவிட அதை இயக்கும் ஆய்வக உதவியாளர் முக்கியமானவர். எந்தக் கருவி எப்போது பொய் காட்டும், எதற்குப் பதிலாக எதைப் பயன்படுத்தலாம் என்பதெல்லாம் பேராசிரியரைவிட அவருக்கே நன்றாகத் தெரியும். வாரத்தில் இரண்டு மாலைகள் கூடுதலாக இருப்பதற்கு அவருக்கு மிகைநேர ஊதியம் கொடுக்க வேண்டும். அன்பின் பேரில் இருக்கச் சொன்னால் ஒரு பருவத்துக்கு மேல் அது நடக்காது. உங்களிடம் இருக்கும் சொற்ப நிதியை எதற்குச் செலவிடுவது என்றால், என் முதல் பதில் இதுதான். இரண்டாவது, ஆய்வகம் தரும் சோதனை முடிவைப் பற்றியது. சோதனைக் கூடங்களின் திறனுக்கு ஐஎஸ்ஓ 17025 என்ற பன்னாட்டுத் தரநிலை இருக்கிறது. அந்த அங்கீகாரம் இல்லாத ஆய்வகத்தின் அறிக்கை மாணவர் தம் பொருளைத் திருத்திக்கொள்ளப் பயன்படும். விற்பனைச் சான்றிதழாக அதைக் காட்டக் கூடாது. பல்கலைக்கழக முத்திரையோடு ஒரு தாளைக் கொடுத்துவிட்டால் அது எங்கெல்லாம் போகும் என்று சொல்ல முடியாது. ஆகவே அறிக்கையின் தலைப்பிலேயே உள்பயன்பாட்டுக்கு மட்டும் என்று அச்சிட்டுவிடுங்கள்.

அடுத்து, முதல் வாடிக்கையாளர். பல்கலைக்கழகமே ஒரு பெரிய கொள்முதலாளர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். துப்புரவுப் பொருள்கள், நாற்காலி மேசை பழுது, அச்சு வேலை, கணினிப் பராமரிப்பு, நாற்றுகள், விழா ஒளிப்பதிவு என்று ஆண்டு முழுவதும் வெளியிலிருந்து வாங்கிக்கொண்டே இருக்கிறது. இதில் சிறு பகுதியை மாணவர் நிறுவனங்களுக்கு ஒதுக்கினால், எந்த மானியமும் தராத பயனை அது தரும். ஒரு நிறுவனத்துக்கு ஆறு மாதம் சரக்குக் கொடுத்திருக்கிறோம் என்று அடுத்த வாடிக்கையாளரிடம் சொல்ல முடியும். ஆனால் ஒரு கடுமையான எச்சரிக்கையும் உண்டு. நான் அறிந்த ஒரு கல்வி நிறுவனம், தன் சொந்த மாணவர்களிடமே பொருளை வாங்கிக்கொண்டு, கோப்பு மேசை மேசையாக நகர்ந்த நான்கு மாதங்களுக்குப் பணம் தராமல் இருந்தது. மூலப்பொருள் வாங்கக் கையில் காசில்லாமல் அந்தக் குழு கலைந்தது. அவர்களுடைய பொருளில் குறையில்லை. வாங்கினவர்களும் நல்ல மனத்தோடுதான் வாங்கினார்கள். எனவே பொருள் வந்த பதினைந்து நாளுக்குள் பணம் தருவதற்கு நிதி அலுவலர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் மட்டுமே இந்த வழியில் இறங்குங்கள். வழிகாட்டும் ஆசிரியரே வாங்குவதா வேண்டாமா என்று தீர்மானிப்பவராகவும் இருக்கக் கூடாது.

என்ன கற்றுக்கொடுப்பது என்ற பகுதியில் ஆய்வுகள் ஓரளவு தெளிவாகப் பேசுகின்றன. டொமினிக்கன் குடியரசில் சிறுதொழில் செய்வோரை வைத்து நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், முறையான கணக்கியல் பாடம் கேட்டவர்களிடம் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. எளிய நடைமுறை விதிகள் சிலவற்றை, குறிப்பாக வீட்டுப் பணத்தையும் தொழில் பணத்தையும் பிரித்து வைப்பதைக் கற்றவர்கள் தங்கள் கணக்கு நடைமுறையைத் திருத்திக்கொண்டார்கள். டோகோவில் 1,500 சிறுதொழில் செய்வோரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வு இன்னும் கவனிக்கத்தக்கது. தானாக முன்வந்து வாய்ப்பைத் தேடுவது, தடங்கல் வந்தால் மாற்றுவழி பார்ப்பது, முன்கூட்டித் திட்டமிடுவது ஆகியவற்றை உளவியல் அடிப்படையில் பழக்கிய பயிற்சி, இலாபத்தைச் சுமார் 30 சதவீதம் உயர்த்தியது. வழக்கமான வணிகப் பயிற்சி தந்த உயர்வு 11 சதவீதம்தான், அதுவும் புள்ளியியல் அளவில் உறுதிப்படவில்லை. இவை ஏற்கெனவே தொழில் நடத்துபவர்களிடம் நடந்தவை. இன்னும் தொடங்காத மாணவரிடம் அதே அளவு பயன் கிடைக்கும் என்று நான் சொல்லத் துணிய மாட்டேன். ஆனாலும், நூறு மணி நேரப் பாடத்திட்டம் எழுதுவதற்குப் பதிலாக ஒரு குறிப்பேட்டைக் கொடுத்துத் தொடங்கலாம் என்று சொல்வதற்கு அவை போதும். அதில் தினமும் மாலை நான்கே பதிவுகள்: காலையில் கையிருப்பு, வந்தது, போனது, மாலையில் கையிருப்பு. ஒரு மாதம் எழுதிய பிறகு அதே பக்கத்தில் தங்கள் உழைப்பு நேரத்தையும், இலவசமாகப் பயன்படுத்திய கருவிக்கு வெளியே கொடுத்திருக்க வேண்டிய வாடகையையும் எழுதச் சொல்லுங்கள். இலாபம் என்று எண்ணியிருந்த தொகை அங்கே பெரும்பாலும் கரைந்துவிடும். அன்று நடக்கும் உரையாடல்தான் உண்மையான வகுப்பு.

வழிகாட்டிகளைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. பெரிய நிறுவனத்தின் தலைவரை அழைத்துவந்து ஒரு நாள் பேசவைத்தால் மாணவருக்கு ஊக்கம் பிறக்கும் என்று நினைக்கிறோம். அந்த ஊக்கம் நெடுநாள் நிற்பதை நான் பார்த்ததில்லை. கென்யத் தலைநகர் நைரோபியின் டண்டோரா பகுதியில் இளம்பெண்கள் நடத்திய சிறுதொழில்களைக் கொண்டு செய்து 2018-இல் வெளியான ஆய்வில், அதே பகுதியில் வெற்றிகரமாகத் தொழில் நடத்தும் மூத்த பெண் ஒருவரோடு இணைக்கப்பட்டவர்களின் இலாபம் சராசரியாக 20 சதவீதம் கூடியது. வகுப்பறைப் பயிற்சிக்கு அப்படிப்பட்ட விளைவு இல்லை. எந்த மொத்த வியாபாரியிடம் மலிவாகக் கிடைக்கும் என்பது போன்ற உள்ளூர்த் தகவல்தான் அந்த உயர்வுக்குக் காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். சந்திப்புகள் நின்றதும் பயனும் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆகவே உங்கள் பல்கலைக்கழக வாசலுக்குப் பக்கத்திலேயே பத்து ஆண்டுகளாகப் பட்டறையோ சிறு ஆலையோ நடத்துபவரைத் தேடிப் போங்கள். அவருக்குப் பட்டம் இல்லாமல் இருக்கலாம்; மேடையில் பேச வராமல் இருக்கலாம். மாதம் இருமுறை மாணவர் அவருடைய இடத்துக்குப் போக வேண்டும், அவரை வளாகத்துக்கு வரவழைக்கக் கூடாது. தன் தொழிலிடத்தில் நிற்கும்போதுதான் அவர் உண்மையான விலைகளைச் சொல்வார்.

பணத்தைப் பற்றி விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் உங்கள் மேலிடம் முதலில் கேட்கப்போவது தொழில் திட்டப் போட்டியும் பரிசளிப்பு விழாவுமாகத்தான் இருக்கும். 2011-இல் நைஜீரியாவில் தொடங்கிய மிகப் பெரிய போட்டியொன்றில் ஏறத்தாழ 24,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1,200 பேருக்குச் சராசரியாகச் சுமார் 50,000 டாலர் மானியம் கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பிறகும் பணம் பெற்றவர்களின் நிறுவனங்கள் நிலைத்திருந்தன, பெறாதவர்களைவிட அதிகம் பேருக்கு வேலையும் கொடுத்தன. பெருந்தொகை வேலை செய்கிறது என்பது இதில் தெளிவு. ஆனால் அதே போட்டியில் வென்றவர்களுக்குள், நடுவர்கள் கொடுத்த மதிப்பெண்ணுக்கும் பின்னாளில் அந்த நிறுவனங்களின் வளர்ச்சிக்கும் தொடர்பே இல்லை என்று பிந்தைய ஆய்வு காட்டியது. அனுபவம் மிக்க நடுவர்களாலேயே கணிக்க முடியாததை, பத்து நிமிட விளக்கக்காட்சியைப் பார்த்துவிட்டு நம் துறைத்தலைவர்கள் கணித்துவிட முடியாது. அப்படிப்பட்ட மேடையில் வெல்பவர் பெரும்பாலும் நல்ல ஆங்கிலமும் நல்ல உடையும் தன்னம்பிக்கையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தவர். உதவி மிகவும் தேவைப்படுபவர் முதல் சுற்றிலேயே வெளியேறிவிடுகிறார். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு.

போட்டிக்குப் பதிலாக, கோஸ்டாரிக்காவின் ஏர்த் பல்கலைக்கழகம் நடத்தும் முறையைக் கவனியுங்கள். 1990-இல் வகுப்புகளைத் தொடங்கிய அந்த வேளாண் பல்கலைக்கழகத்தில் எல்லா மாணவர்களும் பாடத்தின் பகுதியாகவே குழு சேர்ந்து ஒரு சிறு நிறுவனத்தைத் தொடங்குகிறார்கள். சந்தையை ஆராய்ந்து, பல்கலைக்கழகத்திடமே கடன் வாங்கி, உற்பத்தி செய்து, விற்று, கடனை அடைத்து, மிஞ்சியதைப் பகிர்ந்துகொள்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் பெரிய நன்கொடைகள் இருந்தன, உண்மைதான். ஆனால் இந்த முறையின் இரண்டு கூறுகளுக்குப் பெரும்பணம் தேவையில்லை. ஒன்று, மதிப்பெண். வகுப்பு முடிந்த பிறகு பகுதிநேர வேலைக்குப் போய்க் கட்டணம் கட்டும் மாணவருக்குக் கூடுதல் நேரம் என்பதே கிடையாது. தொழில் முயற்சி பாடமாக எண்ணப்பட்டால் மட்டுமே அவரால் வர முடியும். மற்றொன்று, சிறிய தொகையாக இருந்தாலும் அது திரும்பி வர வேண்டிய கடன் என்பது. திரும்பி வரும் பணம் அடுத்த ஆண்டு மாணவருக்குப் போகும். ஆனால் கடன் குழுவின் பெயரில் இருக்கட்டும். உண்மையாக உழைத்தும் தொழில் நொடித்துப்போனால் அதைப் பல்கலைக்கழகம் தள்ளுபடி செய்யட்டும். எந்தச் சூழ்நிலையிலும் அந்தக் கடனுக்காகப் பட்டச் சான்றிதழை நிறுத்தி வைக்கக் கூடாது.

சிறுதொகையின் பயனுக்கும் எல்லை உண்டு. 2008-இல் வடக்கு உகாண்டாவில் இளைஞர் குழுக்களுக்கு ஆளுக்குச் சுமார் 382 டாலர் என்ற கணக்கில் தொழில் கற்கவும் கருவி வாங்கவும் பணம் கொடுத்தார்கள். நான்கு ஆண்டுகளில் அவர்களின் வருமானம் பெறாதவர்களைவிட 38 சதவீதம் கூடியிருந்தது; ஒன்பது ஆண்டுகளில் பெறாதவர்களும் வருமானத்தில் அவர்களை எட்டிவிட்டார்கள். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகளில் நன்றாக வாழ்ந்ததும், சேர்த்த உடைமையும் பொய்யாகிவிடவில்லை. மாணவர் வாழ்க்கையையே மாற்றிவிடும் என்று வாக்குக் கொடுக்காமல், சில ஆண்டுகள் முன்னதாகவே எழுந்து நிற்க உதவும் என்று மேலிடத்திடம் சொல்வது நேர்மையாக இருக்கும்.

தனிக் கட்டடம், கண்ணாடித் தடுப்புகள், பகிர்வு மேசைகள் ஆகியவற்றைப் பற்றி நீங்கள் கவலைப்பட்டிருக்கிறீர்கள். மென்பொருள் நிறுவனங்கள் நெருக்கமாகக் குவிந்திருக்கும் இடங்களில் அவற்றால் பயன் இருக்கலாம். மின்சாரம் போய்ப் போய் வரும் இடத்தில், எப்போதும் ஓடும் ஒரு மின்னாக்கியுடன் கூடிய பழைய பணிமனை அதைவிட உதவும் என்பது என் கருத்து. பெண் மாணவர்களைப் பொறுத்தவரை கட்டடத்தைவிட நேரமே தடை: ஆய்வகம் இரவு எட்டு மணி வரை திறந்திருக்கும் என்று அறிவித்துவிட்டு, அதன் பிறகு வீடு திரும்பப் பேருந்து உண்டா என்று பார்க்காவிட்டால், பாதி மாணவர்களுக்கு அந்த அறிவிப்பால் பயனில்லை. ஒரு மாலைக்குப் பதிலாக ஒரு சனிக்கிழமைக் காலையை வைத்தால் இது பெருமளவு தீர்ந்துவிடும். படிப்பு முடிந்த அன்றே அடையாள அட்டையைப் பிடுங்கிக்கொள்வதையும் நிறுத்த வேண்டும். தொழில் உண்மையில் தொடங்குவது அதன் பிறகுதான். பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகள் வரை ஆய்வகத்துக்கு வர அனுமதி கொடுங்கள்.

என் அனுபவம் சிறு உற்பத்தி, பழுதுபார்ப்பு, சேவை போன்ற தொழில்களோடு நின்றுவிடுகிறது. மருந்து, மருத்துவக் கருவி, நிதிச் சேவை போன்றவற்றில் நான் சொன்ன எளிய வழிகள் ஆபத்தானவை; அவற்றுக்கு உரிமமும் ஒழுங்குமுறையும் வேறு. நிறுவனப் பதிவு, வரி, காப்புரிமை ஆகியவை நாட்டுக்கு நாடு மாறுவதால், உங்கள் சட்டத்துறை ஆசிரியர் ஒருவரையோ நடைமுறையில் இருக்கும் வழக்கறிஞரையோ கூட வைத்துக்கொள்ளுங்கள். அவர் முதலில் எழுதித் தர வேண்டியது ஒரே பக்க ஒப்பந்தம்: ஆய்வகத்தில் உருவாகும் கலவையோ வடிவமைப்போ மாணவருடையதா பல்கலைக்கழகத்துடையதா, கருவி பழுதானால் செலவு யாருடையது, வாங்கியவருக்குப் பொருளால் தீங்கு நேர்ந்தால் யார் பொறுப்பு என்ற மூன்று கேள்விகளுக்கும் அதில் விடை இருக்க வேண்டும். உரிமையைப் பொறுத்தவரை, பல்கலைக்கழக ஆராய்ச்சி நிதியில் பிறக்காத எதுவும் மாணவருக்கே சொந்தம் என்று எழுதுவதையே நான் பரிந்துரைப்பேன். அந்தப் பக்கத்தில் பதிவாளரின் கையொப்பம் வந்த பிறகே முதல் குழுவை ஆய்வகத்துக்குள் விடுங்கள்.